ஒரு விரல் எண்ணெய்

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்தது எட்டுப் பேரை. ஆறு நான் பெற்றது, இரண்டு என் தங்கை கண்மூடியபோது என் மடியில் விட்டுப்போனது. எட்டும் படித்தன. எட்டும் நல்ல வேலைக்குப் போயின. இன்றுவரை ஒன்றுகூட என் முன்னால் குரலை உயர்த்திப் பேசியதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

போன மாதம் என் மூத்த மகளின் மகன் பெரிய கார் ஒன்று வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். எஸ்.யு.வி. என்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்த மாதிரி வண்டியெல்லாம் ஜீப்புதான். என்னை முன்னால் உட்காரவைத்து ஹைவேயில் சிரம்பான் வரைக்கும் போய்வந்தான். வழியெல்லாம் ஒரே புலம்பல்.

“பாட்டி, விக்கிறப்போ லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு ஒரு கணக்கு சொன்னான். ரோட்டுல அதுல பாதிதான் கிடைக்குது. எண்ணெய தண்ணியா குடிக்குது.”

“கால எடு, குடிக்காது.”

“ஹைவேல கால எடுத்தா பின்னால வர்ற லோரிக்காரன் நம்மளத் தூக்கிட்டுப் போயிருவான் லா.”

“லோரிக்காரன் ஆரன் அடிச்சாலும் கால் அசையாம ஓட்டுன ஒரு பொம்பளைய எனக்குத் தெரியும்டா” என்றேன். அவன் சிரித்தான். பாட்டி ஏதோ கதை விடுகிறாள் என்கிற சிரிப்பு. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அப்போது நாங்கள் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் வேலை. எங்கள் வரிசைக்கு எதிரே வேலி போட்ட தனி வீடு ஒன்று. அதில்தான் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள். அக்காவின் கணவர் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லாரும் ஐயா என்போம். அக்காவை நான் அக்கா என்பேன். அவர் என்னைப் பிள்ளை என்பார், எனக்கு அப்போதே நாற்பது வயது தாண்டியிருந்தும்.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சத்தமில்லாமை. அந்த அம்மாள் எதையும் அழுத்த மாட்டார். கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. தேங்காய் துருவினால் கை தேங்காயைத் தடவுவது போலிருக்கும். அடுப்பை மூட்டினால் சட்டிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நெருப்பு, அதற்குமேல் ஒரு நாக்கு வெளியே வராது. தெருவில் அவரைக் கெடெகுட் என்பார்கள். கருமி என்பதற்கு எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற மலாய் வார்த்தை. பால்காரர்கூட என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். “அந்தம்மா பால் சட்டிய கவுத்துட்டு அரை நாழி நிக்கிறாங்க. கடைசிச் சொட்டு விழுற வரைக்கும்.” நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகள். பேங்க்கில் வேலை பார்த்தவள். அங்கே வந்துபோன ஒரு லோரி டிரைவரை விரும்பிக் கட்டிக்கொண்டு தெற்கே நீலாய்ப் பக்கம் போய்விட்டாள். பையன் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன், எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பிள்ளை, எங்கள் ஆள். ஐயா கத்தவில்லை. அவர் கத்துகிற மனிதரே இல்லை. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொன்னாராம்: “தோட்டத்தான் வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருக்கட்டும். இந்த வீட்டிலை ஒருத்தரும் அவளிட்டைப் போகப்படாது.” இதை அக்கா என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தண்டவாளத்தை வெயிலில் தூக்கிப் போட்டது எங்கள் அப்பன்மார்தான். அதன்மேல்தான் அவர் ரயில் விட்டார். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு என் கோபத்தைத் தாங்க இடமில்லை. தன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிற ஒன்றே நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

ஜீப்பு ஐயாவுடையது. தோட்டத்து மேனேஜர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெங்கிலில் இருந்த தன் ரப்பர் நிலத்தைப் பார்க்க ஐயா அதில் போவார். சனிக்கிழமை காலை அவருடைய கூட்டாளி வந்து கிளப்புக்குச் சீட்டாட அழைத்துப்போவார். அந்த நேரத்தில் மட்டும் சாவி அக்காவுக்கு. கிள்ளானில் ஒரு கோயிலில் சனிக்கிழமை எள் விளக்குப் போட. தனியாகப் போகக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். என் நாத்தனார் கிள்ளானில் இருந்ததால் எனக்கும் அது வசதி.

ஜீப்பில் மைல் காட்டும் கம்பி அறுந்து பல வருடம். எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்க்க வழியில்லை. ஐயாவுக்கு ஒரே சாட்சி எண்ணெய் முள். வெள்ளிக்கிழமை மாலை தானே போய் எண்ணெய் ஊற்றி முள்ளைப் பாதியில் கொண்டுவந்து வைப்பார். சனிக்கிழமை மத்தியானம் கிளப்பிலிருந்து வந்ததும் சாவியைத் திருகி, கண்ணாடிமேல் சுட்டுவிரலைப் படுக்கவைத்துப் பார்ப்பார். கிள்ளான் போய்வந்தால் ஒரு விரல் இறங்கியிருக்கும். அது சரி. கூட இறங்கியிருந்தால் ஏன் என்று கேட்பார். சந்தேகம் என்று சொல்ல முடியாது. ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சரிபார்த்துப் பழகிய மனிதர், வீட்டிலும் அதை விடவில்லை.

மகள் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை கிள்ளான் ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது அக்கா என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, இந்த ஒரு விரல் பெற்றோலிலை நீலாய் போட்டு வரலாமோ?”

எங்களுக்கு எல்லாமே எண்ணெய்தான். அவர்கள் பெற்றோல் என்பார்கள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“நீலாயா? அது எங்க இருக்கு, கிள்ளான் எங்க இருக்கு? தூரம்லா அக்கா.”

“தூரம்தான். ஆனா இந்த ரோட்டிலை பாருங்கோ, நிக்கிறதும் எடுக்கிறதும்தான் வேலை. நிண்டு நிண்டு எடுத்தால் வண்டி குடிக்கும். அங்காலை ஹைவே. ஒரே சீராப் போகலாம்.”

“ரயில்ல போயிடலாமே?”

“ஸ்டேஷன் ஸ்டேஷனா இவரின்ரை ஆக்கள். நான் டிக்கெட் எடுக்க முன்னம் வீட்டுக்குச் சேதி போயிடும்.”

பஸ்ஸில் போனால் புடுராயா நிலையத்தில் ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ், மத்தியானத்துக்குள் திரும்ப முடியாது. யோசித்துப் பார்த்தால் ஜீப்பைத் தவிர வழியில்லை. ஜீப்பில் போனால் முள்.

முதல் தடவை தோற்றோம். ஒன்றரை விரல் இறங்கிவிட்டது. “ஃபெடரல் ஹைவேயிலை ஆக்சிடென்ட், ஒரே ஜாம்” என்று அக்கா ஐயாவிடம் சொன்னார். அதை வாரா வாரம் சொல்ல முடியாது. அடுத்த வாரம் எங்கேயும் போகவில்லை. அக்கா ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நடந்ததை யாரும் பார்த்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஐயா தெருமுனை தாண்டியதும் ஜீப்பின் பின்புறத்தைக் காலி செய்வோம். நிலத்துக்கு வைத்திருந்த உர மூட்டை, சங்கோல் மண்வெட்டி, பாராங் கத்தி, இரும்புச் சங்கிலி, எல்லாம் இறங்கிவிடும். பாரம் குறைந்தால் எண்ணெய் குறையும். ஒருநாள் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போது நல்ல தாட்டி.

“என்னக்கா பார்க்கிறீங்க? என்னையும் எறக்கி வெச்சிட்டுப் போகவா?”

“இல்லைப் பிள்ளை. நீங்கள் ஒரு மூட்டைதான். அதுக்கு நான் கணக்கு விட்டிருக்கிறன்.”

சாலாக் செலாத்தானில் ஒரு சீனர் டயர்க் கடை. அங்கே காற்றுப் பிடிப்போம். “கெராஸ்” என்பார் அக்கா. கெட்டியாக என்று அர்த்தம். கடை முதலாளி தௌக்கே ஒவ்வொரு தடவையும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, “ஆன்டி, போதும் லா, வண்டி பறந்துரும்” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்வார்.

சுங்கை பீசி டோலைத் தாண்டியதும் அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். வெறுங்காலால்தான் மிதிப்பார். ஏசி இருந்தது, ஆனால் போட மாட்டார். வேகம் எடுக்கும்வரை கண்ணாடி திறந்திருக்கும், எடுத்ததும் என்னை ஏற்றிவிடச் சொல்வார். காற்று உள்ளே புகுந்தால் வண்டியைப் பின்னால் இழுக்குமாம். வியர்வையில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேகம் காட்டும் முள்ளும் செத்துப்போனதுதான், அதனால் இஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினார். ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொள்வார். வீட்டில் யாரோ தூங்குகிறார்கள், அவர்கள் எழுந்துவிடக் கூடாது என்பது போல ஒரு சத்தம். மேடு வந்தால் மிதிக்க மாட்டார், வண்டி களைத்து மெதுவாவதற்கு விட்டுவிடுவார். இறக்கத்தில் அது தானே சேர்த்துக்கொள்ளும். கியரை நியூட்ரலில் விட்டால் இன்னும் மிச்சமாகுமே என்று என் வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். “விட்டால் அது எங்கடை சொல் கேளாது. பிறகு பிரேக்கிலை கால் வைக்க வேணும். பிரேக் போட்டால் அவ்வளவு பெற்றோலும் வீண்” என்றார்.

பிரேக் போடாமல் இருக்க எட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் வருகிறவன் அடிக்கிற ஆரன் மட்டும் காதில் விழாது. ஒரு லோரி அட்டெண்டன்ட் பக்கத்தில் வந்து தலையை நீட்டிக் கத்தினான்: “ஆன்டி! இறங்கித் தள்ளணுமா?” நான் கண்ணாடியை இறக்கி, “உங்க அம்மாவத் தள்ளுடா!” என்று சொல்லிவிட்டேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, “கண்ணாடியை ஏத்துங்கோ பிள்ளை, காத்து வருது” என்றார். சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கியது. கால் குலுங்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன்.

இரண்டு மூன்று மாதத்தில் ஒரு விரலுக்குள் நீலாய் போய்வரக் கற்றுக்கொண்டார். ஐயா விரலை வைத்துப் பார்ப்பார், தலையாட்டுவார். நான் கொடுக்கிற விபூதியை நெற்றியில் பூசிக்கொள்வார். அது கிள்ளான் விபூதிதான், என் நாத்தனார் கொடுத்தனுப்புவது. அதில் பொய் இல்லை. என்னிடம் ஐயா நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. “அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தனீரோ?” என்று அக்காவிடம்தான் கேட்பார், நான் எதிரில் நிற்கும்போதே.

மகள் வீட்டில் நாங்கள் இருக்கிற நேரம் ஒரு மணிக்கும் குறைவு. அக்கா கொண்டுபோவதும் கனமில்லாத சாமான்தான். வேப்பம்பூ, காய்ந்த முருங்கையிலை, வற்றல், ஒரு பொட்டலம் ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்தது. மகள் “பலாப்பழம் கொண்டு வந்திருக்கலாமே அம்மா” என்றபோது அக்கா, “அது இப்ப இனிக்கேல்லை” என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா வருகிறாள் என்று மகளுக்குத் தெரியும். முள்ளைப் பற்றித் தெரியாது. பிள்ளை வருத்தப்படுவாள் என்று அக்கா அதைச் சொல்லவே இல்லை.

மருமகனிடம் அக்கா பேசவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஐயா அளவுக்கு இல்லாவிட்டாலும் அவருக்குள்ளும் அந்தக் குறுகல் இருந்தது. அவனும் அதைப் புரிந்துகொண்டு, எங்கள் ஜீப்பு வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். நல்ல உயரம், நல்ல கறுப்பு, சிரித்தால் வீடு நிறைந்துவிடும். ஆனால் சனிக்கிழமைகளில் சிரிப்பை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்விடுவான். எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒருநாள் வரும் வழியில் சொல்லிவிட்டேன்.

“அக்கா, ஐயா என்கிட்ட பேச மாட்டேங்கிறாரு. நீங்க அவன்கிட்ட பேச மாட்டேங்கிறீங்க. என்ன வித்தியாசம்?”

“கண்ணாடியை ஏத்துங்கோ பிள்ளை” என்றார் அக்கா. அது ஏற்கெனவே ஏறித்தான் இருந்தது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பது நாள் கழிந்து ஒரு சனிக்கிழமை போனோம். குழந்தையை அவன்தான் தூக்கிவந்தான். அந்தப் பெரிய கையில் அது பூனைக்குட்டி மாதிரி இருந்தது. குனிந்து அக்கா மடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல வெளியே போகத் திரும்பினான்.

“தம்பி” என்றார் அக்கா.

அவன் நின்றான். திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிட்டார்களா என்று தெரியாமல் நின்றான்.

“தம்பி, வெயிலுக்கை ஏன் போறியள்? இருங்கோ. சாப்பிட்டீங்களோ?”

அவன் மகளைப் பார்த்தான். மகள் என்னைப் பார்த்தாள். “சாப்பிட்டேன் அத்த” என்றான். இவ்வளவு பெரிய ஆள், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டான்.

நாங்கள் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மை வைத்துக்கொண்டிருந்தோம். ஜீப்புச் சாவியை அவன் எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. கிளம்பலாம் என்று வாசலுக்கு வந்தால் ஜீப்பு பளபளவென்று நிற்கிறது. கழுவியிருக்கிறான். பக்கத்தில் ஈரக் காலோடு நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

“அத்த, டேங்கி ஃபுல்லு! முள்ளு மேல போய் முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. எங்க வீட்டுக்கு வந்த வண்டிய காலியா அனுப்புவேனா? என்னா நெனச்சீங்க உங்க மருமகன?”

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். தூரத்திலிருந்து சொந்தக்காரர் கார் வந்தால், திரும்பிப் போகும்போது எண்ணெய் ஊற்றி அனுப்புவது வீட்டுக்காரனுடைய மரியாதை. இத்தனை மாதமாக அவன் அதைச் செய்ய ஆசைப்பட்டிருப்பான். தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டதும் துணிந்துவிட்டான்.

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு கணம் முகத்தில் இரத்தம் இல்லை. அடுத்த கணம் சிரித்தார்.

“நல்லது தம்பி. ஏன் இவ்வளவு சிரமம்? நல்லது.”

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். மகள் கண்ணில் தண்ணீர். அந்த வாசலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது, அதை உடைக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

ஹைவே ஏறியதும் நான் ஆரம்பித்தேன். “அக்கா, ஏசியப் போடுங்க. முழுசாப் போடுங்க. மிதிங்க!” அவரும் போட்டார். அந்த ஜீப்பில் அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குக் குளிர்ந்தது. செருப்புக் காலாலேயே அழுத்தினார். வண்டி உறுமிக்கொண்டு போனது. எங்களைக் கிண்டல் செய்த லோரிகளையெல்லாம் தாண்டினோம். நான் பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்கிறேன், நடுவே சிரிப்பும் வருகிறது. காஜாங் வரைக்கும் அப்படிப் பறந்தோம். முள் ஆணி அடித்ததுபோல மேலேயே நின்றது. அந்த எண்ணெயைத் தீர்க்க வேண்டுமென்றால் ஜொகூர் வரைக்கும் போக வேண்டும்.

ஸ்ரீ கெம்பாங்கான் திருப்பம் வந்தது. “அங்க வர்க்‌ஷாப் இருக்கு அக்கா. டியூபு போட்டு இழுத்துருவாங்க. பாதிய எடுத்து அவனுக்கே குடுத்துருவோம்” என்றேன்.

அக்கா வண்டியை ஓரம் கட்டினார். ஏசியை அணைத்தார். செருப்பைக் கழற்றி வைத்தார்.

“வேண்டாம் பிள்ளை. அந்தப் பிள்ளை வெயிலிலை ஓடி உழைச்சுத் தந்தது. முதல் முதல் தந்தது. அதை நான் களவு மாதிரி வழிச்சு விட்டிட்டுப் போகேலாது.”

“அப்ப ஐயா கேட்டா?”

“கேட்கட்டும்.”

வீடு சேரும்வரை பழைய மாதிரியே, மெதுவாக, ஓட்டினார்.

ஐயா வந்தார். நான் விபூதிப் பொட்டலத்தோடு போர்டிக்கோவில் நிற்கிறேன். சாவியைத் திருகினார். விரலைக் கொண்டுபோனவர், வைக்காமல் அப்படியே நிறுத்தினார்.

“ஆர் நிரப்பினது?”

“மருமகன்” என்றார் அக்கா.

“எவன்?”

“எங்கடை மருமகன்.”

கொய்யா மரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தது. ஐயா சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஒருமுறை என் கையிலிருந்த விபூதியைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்.

“அவன்ரை பெற்றோலிலை நான் என்ரை நிலத்துக்குப் போக மாட்டன். இந்த வண்டி இனி ஓடாது. உமக்குப் போக வேணுமெண்டால் போம். போனால் அங்கேயே இரும்.”

அப்படியே நடந்தது. டெங்கிலுக்குக் கூட்டாளியின் காரில் போனார். டேங்கி நிறைய எண்ணெயோடு ஜீப்பு போர்டிக்கோவில் நின்றது. அதன்மேல் கொய்யா இலை விழுந்து மக்கியது.

“பஸ்ல போவோம் அக்கா. இப்பத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. நான் வர்றேன். போயிட்டு வந்து நின்னா வெளிய தள்ளிருவாரா?” என்று எத்தனையோ தடவை கேட்டேன்.

“தள்ள மாட்டார். ஆனா அவர் சொன்ன சொல்லை அவரே முறிக்க வேணும். நான் முறிச்சால் அந்த மனுசன் பிறகு நிமிர மாட்டார். இரண்டு பக்கமும் என்ரைதான் பிள்ளை. எந்தப் பக்கத்தை வெட்டுறது?”

எனக்கு அது அப்போதும் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை. ஆனால் அது அவருடைய முடிவு. சனிக்கிழமைகளில் முச்சந்தி மளிகைக் கடைக்கு மகள் அங்கேயிருந்த பொது போனிலிருந்து கூப்பிடுவாள். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். அந்தப் பக்கம் குழந்தை ஏதாவது சத்தம் போடும். வைத்துவிட்டு வரும்போது என்னிடம் சொல்வார். “இண்டைக்குச் சிரிச்சது.” “இண்டைக்கு இருமல்.” பல் முளைத்ததைக்கூட அப்படிக் காதால்தான் பார்த்தார்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அக்கா கிணற்றடியில் விழுந்துவிட்டார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் நிழல் விழுந்தது. ஐயா. குவாட்டர்ஸ் பக்கம் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

“தங்கச்சி” என்றார். “பிள்ளையின்ரை வீடு உங்களுக்குத் தெரியுமெல்லோ?”

பக்கத்து டாக்சிக்காரரைக் கூப்பிட்டு ஜீப்பின் பேட்டரிக்கு உயிர் கொடுத்து வைத்திருந்தார். நான் மாற்றுச் சேலைகூட எடுக்காமல் ஏறினேன். ஐயா ஓட்டுவது பயங்கரமாக இருந்தது. மிதிக்கிறார், பிரேக் போடுகிறார், மறுபடி மிதிக்கிறார். சுங்கை பீசி தாண்டியபிறகுதான் பேசினார்.

“எத்தினை தரம் வந்தவ?”

“புள்ளையப் பார்க்கணும்னு எத்தனை தடவ தோணுச்சோ, அத்தனை தடவ.”

எண்ணெய் முள்ளைப் பார்த்தார். “ஒரு விரல் போதாதே. நீலாய்க்கு எப்பிடிப் போய் வந்தவ?”

நான் சொன்னேன். மூட்டைகளை இறக்கியதை, வெறுங்காலை, அடைத்த கண்ணாடியை, மேட்டில் வண்டியைக் களைக்க விட்டதை, ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனதை. என் குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். மறுபடி மாட்டினார். வண்டி வேகம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். அவர் காலை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து எடுத்து, வண்டி அந்தச் சத்தத்துக்கு வந்துவிட்டது. அக்காவுடைய சத்தம்.

“மிதிங்க ஐயா!” என்று கத்தினேன். “இப்ப மிதிங்க! இப்பவா மெதுவாப் போறது?”

திடுக்கிட்டு மிதித்தார்.

நீலாயில் மருமகன் வாசலில் லோரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் ஓடிவந்தவன், உள்ளே யார் என்று கண்டு நின்றுவிட்டான். “வாங்க மாமா” என்றான், தட்டுத் தடுமாறி. ஐயா இறங்கவில்லை. “அம்மாவுக்குச் சுகமில்லை. அவளை வரச்சொல்லும்” என்றார். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்து ஏறினாள். அவன் கதவைச் சாத்தப் போனான். ஐயா முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

“நீரும் ஏறும்.”

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு உயிர் இருந்தது. கண் திறக்கவில்லை. மகள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தையின் கையை அக்காவின் கைக்குள் வைத்தாள். மருமகன் காலடியில் நின்றான். ஐயா மட்டும் வார்டு வாசலைத் தாண்டவில்லை. மகள் போய்க் கூப்பிட்டாள், “அப்பா, உள்ளை வாங்கோ” என்று.

“கண் திறந்தால் அவ முதல் உன்னைப் பார்க்கட்டும்” என்றார். “என்னைப் பார்த்தால் பயந்து போடுவா. உன்னை ஒளிக்கப் பார்ப்பா.”

மறுநாள் காலை வரைக்கும் அந்த வாசலிலேயே நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. விடியும்போது அக்கா கண் திறக்காமலே போய்விட்டார். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, குழந்தையின் கையை அழுத்தினார் என்று மகள் இன்றும் சொல்கிறாள். நான் அதை மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அந்தக் கட்டிலுக்கு மறுபக்கம் நான் நின்றிருந்தேன். நான் ஒன்றும் பார்க்கவில்லை.

இவ்வளவுதான் எழுதத் தெரிந்தது. என் எழுத்து எனக்கே தெரிய மாட்டேன் என்கிறது. பேரனைக் கூப்பிட்டிருக்கிறேன்.

வாடா, உட்கார். கார் சாவிய அப்புறம் சுத்தலாம். இத வாசிச்சுக் காட்டு. அந்த மனுசன் வார்டு வாசல்ல நின்ன இடம் இருக்கு பாரு, அத மட்டும் ரெண்டு தடவ வாசி. அவரு மேல இருந்த கோவத்துல நான் அவருக்குக் கொறச்சு எழுதிட்டனா, இல்ல பின்னால அவரும் செத்துப் போயிட்டாரேன்னு கூட்டி எழுதிட்டனான்னு எனக்குக் கேட்டாத்தான் தெரியும்.